கொயரில் பார்ட் பாடக் கற்பது: மூன்று குரல் காஸ்பல் பாடலுக்கு முழுமையான வழிகாட்டி

கிறிஸ்துமஸுக்கு மூன்று மாதம் இருக்கும்போது கொயருக்குப் புதியவர்கள் வந்து சேர்வார்கள். பெரும்பாலும் நல்ல குரல்தான்; சுருதியும் விலகாது. சபையோடு சேர்ந்து கீர்த்தனைகளை ஒரே மெட்டில் பாடி வளர்ந்தவர்கள். "உனக்கு ஆல்ட்டோ" (மெட்டுக்கு அடியில் வரும் நடுக்குரல்) என்று சொன்ன மறுநிமிடம் தடுமாற்றம் தொடங்குகிறது. பாட்டு தெரிந்த வாய் மெட்டைத்தான் தேடிப் போகும்.

அப்போது அநேகமாக எல்லாரும் செய்வது ஒன்று உண்டு. ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு தன் பார்ட்டை, அதாவது தனக்குரிய குரல்வரியை, உரக்கப் பாடுவார்கள். அந்தப் பழக்கத்தை ஒழிப்பதுதான் இந்த வழிகாட்டியின் பாதி வேலை. பக்கத்துக் குரலைக் கேட்காமல் மனப்பாடம் செய்த பார்ட் பயிற்சி அறையில் நிற்கும். ஆலயத்தில் டிரம்மும் சபையின் கைத்தட்டலும் சேர்ந்தவுடன் விழுந்துவிடும். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யச் சொல்வதற்கும் அதுவே காரணம்.

சோல்ஃபா (டோ, ரே, மீ என்று சுரம் எழுதும் முறை) புத்தகம் பார்த்து நான்கு குரலில் பாமாலை பாடிப் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. காஸ்பல், அதாவது அமெரிக்கக் கறுப்பினச் சபைகளின் பாணியில் பாடும் கொயரில் வழக்கமாக மேலிருந்து கீழாக சோப்ரானோ (மெட்டு), ஆல்ட்டோ, டெனர் என மூன்று பார்ட்தான். பாஸ் வரி பாஸ் கிட்டாருக்கோ கீபோர்டின் இடது கைக்கோ உரியது. மூன்று குரல்களும் கீபோர்டில் ஒரே கையால் அமுக்கிவிடக்கூடிய நெருக்கத்தில் நிற்கும். பாமாலையில் டெனர் தனி வழியில் போகும். இங்கே ஆல்ட்டோவுக்கு நேர் கீழே ஒட்டிக்கொண்டு வரும். ஆண்களுக்கு இது வழக்கத்தைவிட உயரமாகத் தோன்றும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வரிகளுக்கு இடையே தாராளமாக இடம் விட்டு அச்சிட்ட தாளும் பென்சிலும் ஒவ்வொருவருக்கும் வேண்டும். கைபேசித் திரையில் வரிகளைப் பார்த்துப் பாடலாம், ஆனால் அதில் குறியிட முடியாது. குறியிடாத தாளோடு பயிற்சிக்கு வருபவர் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குவார்.

கீபோர்டு வேண்டும். அதில் டிரான்ஸ்போஸ் பொத்தான் எந்த எண்ணில் இருக்கிறது என்று முதலிலேயே கேளுங்கள். நம் ஊர் கீபோர்டு வாசிப்பவர்களில் பலர் கையை 1 கட்டையிலேயே (சி ஸ்கேல்) வைத்துக்கொண்டு பொத்தானால் ஸ்கேலை மாற்றுவார்கள். அதில் தவறில்லை. ஆனால் அவர் கையைப் பார்த்து 'நம் சுரம் சி' என்று எழுதிக்கொண்டு போய் வீட்டில் வேறு கீபோர்டில் பழகினால், அடுத்த வாரம் இரண்டு கட்டை தள்ளி நிற்பீர்கள். தாளின் தலைப்பில் எழுத வேண்டியது காதில் கேட்கும் கட்டை.

ஒலிப்பதிவுக்கு ஒரு கைபேசி போதும். அதைக் கீபோர்டின் ஸ்பீக்கர் மேல் வைக்காதீர்கள். மூன்று அடி தள்ளி ஒரு நாற்காலியில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் கடலூர் வெயிலில் யாரும் கேட்க மாட்டார்கள். விசிறியின் வேகத்தைக் குறைத்தாலே பக்கத்தில் இருப்பவரின் மெல்லிய குரல் காதில் விழத் தொடங்கும்.

1. கட்டையைப் பாடலின் முடிவிலிருந்து தீர்மானியுங்கள்

யாருக்கு எந்தப் பார்ட் என்பதைவிட இது முந்தியது. பார்ட்டைப் பிரித்த பிறகு கட்டையை மாற்றினால் பிரித்த வேலை வீண்.

புதிதாக நடத்துபவர்கள் பாடலின் முதல் வரியைப் பாடிப் பார்த்து, 'வசதியாக இருக்கிறது' என்று கட்டையை முடிவு செய்துவிடுவார்கள். காஸ்பல் பாடல் தொடங்கிய இடத்தில் முடிவதில்லை. கடைசிப் பகுதியில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டு குரல்கள் மேலே ஏறும். போதாக்குறைக்கு ஸ்கேலும் அரைக்கட்டை, அரைக்கட்டையாக (கீபோர்டில் கறுப்பு வெள்ளை எதுவானாலும் ஒட்டிய அடுத்த சுரத்துக்கு) உயரும்.

எனவே கடைசி நிமிடத்தில் சோப்ரானோ தொடும் உச்சச் சுரம் எது என்று முதலில் பாருங்கள். அது மேல் ஸ்தாயி மீ என்று வைத்துக்கொள்வோம். பாடலை 1 கட்டையில் தொடங்கி இரண்டு அரைக்கட்டை ஏற்றினால் 2 கட்டையில் முடியும். அந்த மீ கீபோர்டில் மேல் எஃப் ஷார்ப்பில் விழும். தனியே பயிற்சி பெறாத பெண்குரல் அங்கே கத்தலாகிவிடும். கீழ் 6½ கட்டையில் தொடங்கினால் முடிவு 1 கட்டை. உச்சம் மேல் இ. அது எட்டக்கூடியது. வெளிநாட்டுக் கொயரின் ஒலிப்பதிவில் இருக்கும் கட்டையையே பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

2. குரலைச் சோதித்துப் பார்ட் பிரியுங்கள்

ஒவ்வொருவரையும் நடு சி-யிலிருந்து 'லா' என்று கீழே இறங்கச் சொல்லுங்கள், பிறகு மேலே ஏறச் சொல்லுங்கள். எட்டும் எல்லையை அல்ல, சிரமமில்லாமல் பேசுவதுபோல் ஒலிக்கும் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தோராயமாக, நடு சி-க்கு மேலே தாராளமாகப் புழங்கி மேல் இ வரை போனால் சோப்ரானோ. நடு சி-க்குக் கீழே ஏ அல்லது ஜி வரை இறங்கியும் ஒலி மங்காமல் இருந்தால் ஆல்ட்டோ. ஆண்களில் நடு சி-யைத் தாண்டி எஃப் வரை போகக்கூடியவர் டெனர்.

இங்கே வழக்கமாக நடக்கும் அநியாயம், மேலே எட்டாதவர்களையெல்லாம் ஆல்ட்டோவில் தள்ளுவது. நடுவில் நிற்பவருக்குத்தான் மேலும் கீழும் இழுப்பு அதிகம். கூர்மையான காதுள்ளவர்களை அங்கே வைக்க வேண்டும். சோப்ரானோவில் ஒருவர் கொஞ்சம் தயங்கினாலும் மெட்டு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். ஆல்ட்டோவுக்கு அந்த உதவி கிடையாது.

டெனருக்கு ஆண்கள் போதவில்லை என்பது கடலூர்ச் சபைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. இளைஞர்கள் சென்னையிலும் வளைகுடாவிலும் வேலையில் இருக்கிறார்கள். தாழ்ந்த குரலுள்ள பெண்கள் டெனர் பாடலாம். காஸ்பல் கொயர்களில் அது இயல்பான ஏற்பாடுதான். ஆணும் பெண்ணும் ஒரே உயரத்தில் பாட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

மிகத் தாழ்ந்த குரலுள்ள ஆண்கள் "அண்ணா, எங்களுக்கு என்ன பார்ட்?" என்று கேட்பார்கள். தொடக்கத்திலும் எல்லாரும் ஒரே மெட்டில் பாடும் இடங்களிலும் அவர்கள் பாடட்டும். டெனர் உயரும் இடத்தில் நிறுத்திவிட்டு, தேர்ந்தெடுத்த சில வரிகளில் மட்டும் பாஸ் கிட்டாரின் சுரத்தோடு சேரட்டும். உயரத்தில் முடியாதபோது டெனரையே ஒரு ஸ்தாயி இறக்கிப் பாடுவதுதான் கூடாது. ஏன் என்பது 5-ஆம் படியில் வருகிறது.

3. சொல்லையும் தாளத்தையும் சுரம் இல்லாமல் பழகுங்கள்

வரிகளைத் தாளத்தோடு பேசுங்கள். பாட வேண்டாம். காஸ்பலின் மெதுவான பாடல்களில் ஒவ்வோர் அடியும் மூன்றாகப் பிரிந்து ஊசலாடும். திஸ்ரம் தெரிந்தவர்களுக்கு இது எளிது. தெரியாதவர்கள் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே வரிகளை அதன் மேல் ஏற்றிப் பார்க்கலாம்.

கைத்தட்டல் இரண்டாம், நான்காம் அடிகளில் விழ வேண்டும். நம் கை முதல் அடியில் தட்டத்தான் துடிக்கும். கால் ஒன்றிலும் மூன்றிலும் நகரட்டும், கை இரண்டிலும் நான்கிலும் தட்டட்டும். உடம்பில் இது படியாமல் பார்ட்டுக்குப் போனால், பின்னால் தாளத்தையும் சுரத்தையும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டிவரும்.

மூச்சு எங்கே என்று இப்போதே பென்சிலால் குறியுங்கள். பிறகு மெட்டை எல்லாருமே ஒரு பயிற்சியில் பாடட்டும், ஆல்ட்டோவும் டெனரும்கூட. தன் பார்ட் எதோடு சேர்கிறது என்று தெரியாதவரால் அதில் நிற்க முடியாது. ஆனால் அந்த ஒரு பயிற்சியோடு நிறுத்துங்கள். மெட்டு நாக்கில் ஊறிவிட்டால் அப்புறம் பிடுங்குவது பாடு.

4. மூன்று சுரம் சேரும்போது என்ன கேட்கிறது என்று பழகுங்கள்

பாடலை ஓரமாக வைத்துவிட்டு, கீபோர்டில் டோ மட்டும் அமுக்கிப் பிடியுங்கள். எல்லாரும் அதில் 'ஆ' என்று நிற்கட்டும். கை காட்டியதும் ஆல்ட்டோ மீக்கும், அடுத்த சைகையில் சோப்ரானோ சோவுக்கும் ஏறட்டும். டெனர் டோவிலேயே இருக்கட்டும். கர்நாடக முறையில் சொன்னால் ச, அந்தர காந்தாரம், ப.

இதை மெல்லிய குரலில் செய்ய வேண்டும். உரக்கப் பாடினால் அவரவர் குரல் அவரவர் மண்டைக்குள் ஒலிக்கும்; மற்றது கேட்காது. மூன்றும் சரியாகப் பொருந்தும் நொடியில் அலை அடிப்பதுபோன்ற நடுக்கம் அடங்கி ஒலி ஒன்றாகிவிடும். புதியவருக்கு அதை ஒருமுறை கேட்க வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தம்புராவோடு பழகியவர்களுக்கு ஒரு சங்கடம் வரலாம். தம்புராவோடு இயல்பாகப் பொருந்தும் காந்தாரத்தைவிடக் கீபோர்டின் மீ சற்று உயரம். ஓர் அரைக்கட்டையை 100 சென்ட் என்று வைத்தால் ஏறத்தாழ 14 சென்ட். கீபோர்டு கூட ஒலிக்கும்போது கீபோர்டைப் பின்பற்றுங்கள். அது இல்லாமல் பாடும் இடத்தில் காது சொல்வதைக் கேளுங்கள்.

கமகமும் இங்கேதான் அடங்க வேண்டும். மீயில் நிற்க வேண்டிய ஆல்ட்டோ, கீர்த்தனைப் பழக்கத்தில் சுரத்தை அசைத்தால் மற்ற இருவருக்கும் பிடிமானம் போய்விடும். காஸ்பலிலும் அசைவுகள் உண்டு. அவை தனியாகப் பாடுபவருக்கு உரியவை, பார்ட்டுக்கு அல்ல.

5. உங்கள் வரியை மட்டும் கற்றுக்கொள்ளுங்கள்

இப்போதுதான் பார்ட். முழுப் பாடலையும் ஒரே மூச்சில் கற்க வேண்டாம். ஒரு வரியை எடுத்து, மூன்று குரல்களையும் தனித்தனியாகப் பாடிப் பாருங்கள். எளிய ஒரு வரி:

சோப்ரானோ: சோ – லா – சோ – ஃபா – மீ
ஆல்ட்டோ: மீ – ஃபா – மீ – ரே – டோ
டெனர்: டோ – டோ – டோ – கீழ் டீ – கீழ் சோ

மேலிருந்து கீழாக ஒவ்வொரு நெடுவரிசையையும் படித்தால் அமைப்பு புரியும். மெட்டின் சுரத்துக்கு அடியில், அந்த கார்டில் (ஒன்றாக ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) அடுத்து வரும் சுரம் ஆல்ட்டோவுக்கு, அதற்கடுத்தது டெனருக்கு. சோ-மீ-டோ, லா-ஃபா-டோ, மறுபடி சோ-மீ-டோ, ஃபா-ரே-டீ, மீ-டோ-சோ. காஸ்பல் பார்ட் அமைவது பெரும்பாலும் இப்படித்தான். இது பிடிபட்டால் எழுதப்படாத பாடலுக்கும் நீங்களே பார்ட் கண்டுபிடித்துவிடலாம்.

ஆல்ட்டோவின் வரியைத் தனியே பாடிப் பாருங்கள். அதுவே ஒரு சின்ன மெட்டு. சோப்ரானோவின் நிழலாகச் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகிறது. அதனால் கற்பது எளிது, இழுபடுவதும் எளிது. இரண்டாவது சுரத்தில் சோப்ரானோ லாவுக்கு ஏறும்போது ஆல்ட்டோவும் மொத்தமாக ஏறி சோவில் போய் நின்றுவிடுவதுண்டு. மீயிலிருந்து ஃபா அரைக்கட்டைதான், மிகக் குறுகிய படி. 'கொஞ்சமாக ஏறு' என்பதைத் தாளில் சிறிய அம்புக்குறியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

டெனரின் கதை வேறு. முதல் மூன்று சுரமும் ஒன்றே என்பதால் இது எளிது என்று நினைப்பார்கள். ஒரே சுரத்தைத் திரும்பப் பாடும்போதுதான் சுருதி இறங்கும். ஒவ்வொரு டோவையும் முந்தையதைவிட ஒரு மயிரிழை மேலே வைப்பதாக நினைத்துப் பாடினால் அதே இடத்தில் நிற்கும்.

உண்மையான பொறி கடைசி இரண்டு சுரங்களில் இருக்கிறது. டீயைப் பாடிய எந்தக் காதும் அடுத்து டோவுக்கு ஏறத்தான் விரும்பும். நம் நிஷாதமும் மேல் ஷட்ஜத்தை நோக்கித்தானே போகிறது. ஆனால் இங்கே டோவை ஆல்ட்டோ எடுத்துக்கொண்டுவிட்டது. டெனரும் அங்கே போனால் இரண்டு பார்ட் ஒன்றாகி, கார்டில் சோ காணாமல் போய் ஒலி மெலிந்துவிடும். டெனர் டீயிலிருந்து கீழே சோவுக்குக் குதிக்க வேண்டும். இந்த ஒரு தாவலை மட்டும் தனியே பத்துமுறை பாடுங்கள்: டீ – சோ, டீ – சோ. அதன் பிறகு முழு வரிக்குப் போகலாம்.

இனி அந்த ஸ்தாயி விஷயம். 1 கட்டையில் இந்த டெனர் வரி நடு சி-யில் தொடங்குகிறது. ஆண்கள் பலருக்கு அது உயரமாகத் தோன்றுவதால் தங்களை அறியாமலே ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடுவார்கள். சுரப் பெயர் சரி, இடம் தவறு. ஆல்ட்டோவுக்கும் டெனருக்கும் நடுவே பெரிய ஓட்டை விழும். பாஸ் கிட்டார் ஒலிக்கும் பகுதியில் டெனர் போய்ப் புதைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, டெனரையும் ஒரு பெண்ணையும் நடு சி-யை ஒன்றாகப் பாடச் சொல்வது. இருவரும் ஒரே உயரத்தில் நின்றால் சரி.

தாளில் ஒவ்வோர் அசையின் மேலும் ஏறு, இறங்கு, நில் என்ற மூன்று குறிகள் போதும். பெரிய தாவலுக்கு இரட்டை அம்பு. சோல்ஃபா எழுதத் தெரிந்தவர்கள் எழுதலாம். தெரியாதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வரி பிடிபட்டதும் ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு பார்ட்டுக்கும் தனிக் கோப்பு. தொடக்கத்தில் கட்டையின் டோ, அடுத்து அந்தப் பார்ட்டின் முதல் சுரம், நான்கு எண்ணிக்கை, பிறகு வரி. வாட்ஸ்அப் குழுவில் 'பாட்டு' என்று பெயரிட்டு மூன்றையும் கொட்டாதீர்கள். 'ஆல்ட்டோ, 2-ஆம் சரணம்' என்று எழுதுங்கள். கேட்பவர்களுக்கும் ஒரு விதி. புதுச்சேரி பஸ்ஸில் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே வந்தேன் என்பது பயிற்சியாகாது. பஸ்ஸில் ஓடும் சினிமாப் பாட்டை மீறி அது மனத்தில் இறங்கினாலும், வாய் பாடாதது வாய்க்கு வராது. முணுமுணுக்கவாவது வேண்டும்.

6. இருவர் இருவராகச் சேருங்கள்

தனி வரி தெரிந்தவுடன் மூன்றையும் ஒன்றாக்குவதுதான் பெரும்பாலான கொயர்களில் நடக்கிறது. ஆல்ட்டோ தொலைவதும் அங்கேதான். நடுவே இந்தப் படி வேண்டும்.

முதலில் ஆல்ட்டோவும் டெனரும். மெட்டு இல்லாமல் இந்த இருவரும் ஒரு வரி முழுவதும் பாட வேண்டும். பாட்டு அடையாளமே தெரியாததுபோல் ஒலிக்கும், பரவாயில்லை. மெட்டின் துணை இல்லாமல் நிற்கத் தெரிந்தால், மெட்டு வந்த பிறகும் அதன் பின்னால் போகமாட்டார்கள்.

அடுத்து சோப்ரானோவும் டெனரும். இடைவெளி அகலம் என்பதால் இது அதிகம் தொல்லை தராது. கடைசியாகத்தான் சோப்ரானோவும் ஆல்ட்டோவும். நெருக்கமான ஜோடி இதுதான். இங்கேதான் விரல் காதுக்குப் போகும். கையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். "எனக்கு சோப்ரானோ சத்தம்தான் கேட்கிறது, அக்கா" என்று ஒரு புதிய ஆல்ட்டோ சொன்னால், "நல்லது, அது உனக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்று கேள்" என்பதே பதில். மேலே ஒரு சுரம் விட்டு அடுத்த சுரத்தில் சோப்ரானோ நிற்கிறது; அந்த இடைவெளி மாறாமல் இருக்கும்வரை அவர் சரியான இடத்தில் இருக்கிறார். இடைவெளி ஒடுங்குவதாகத் தோன்றினால் இழுபடுகிறார். காதை அடைத்தால் இந்த அளவுகோலே கையில் இருக்காது.

இதற்குப் பிறகு ஒருமுறை வரிகளை மாற்றிப் பாடுங்கள். ஆல்ட்டோ டெனர் வரியை, சோப்ரானோ ஆல்ட்டோ வரியை. நேரம் வீண் என்று முணுமுணுப்பார்கள். அடுத்தவர் வரி தன் வாயில் வந்துபோனவர் அதைக் கண்டு மிரளுவதில்லை.

7. மூன்றையும் சேருங்கள், சொல்லின் முடிவைக் கவனியுங்கள்

ஆல்ட்டோவை நடுவில் நிறுத்துங்கள். புதியவரை வரிசையின் ஓரத்தில் விடாதீர்கள். அதே பார்ட் பாடும் பழையவர் ஒருவர் அவருக்குப் பின்னால் நிற்கட்டும். பக்கத்தில் நிற்பவரைவிடப் பின்னால் நிற்பவரின் குரல்தான் காதில் தெளிவாக விழும்.

பக்கத்துக் குரல் கேட்கவில்லை என்றால் நீங்கள் உரக்கப் பாடுகிறீர்கள். இந்த ஒரு விதியால் சத்தம் தானாகச் சீராகிவிடும்.

சுரம் சரியாக இருந்தும் கார்டு கலங்கலாகக் கேட்டால் உச்சரிப்பைப் பாருங்கள். 'இயேசு' என்று நீட்டி முடிக்கும் வரியில் ஒரு வரிசை 'சு'வை உதடு குவித்துப் பாடும்; இன்னொரு வரிசை பேச்சில் வருவதுபோல் குற்றியலுகரமாக உதடு குவியாமல் முடிக்கும். இரண்டு உயிரொலிகள் ஒரே நேரத்தில் ஒலித்தால் சுருதி விலகியதுபோலவே இருக்கும். 'யே'யில் நீட்டுங்கள், 'சு'வைக் கை சைகையோடு குறுக்கி முடியுங்கள். 'என்றும்', 'ஆண்டவர்', 'ராஜன்' போன்ற சொற்களிலும் அதுதான். உயிரில் நில்லுங்கள், மெய்யை எல்லாரும் ஒரே நொடியில் மூடுங்கள். ஒருவர் மட்டும் முன்கூட்டியே 'ம்' என்று வாயை மூடினால் பத்துப் பேரின் 'உ' நடுவே அது தேனீயாக ரீங்கரிக்கும்.

பாடப்போகும் இடத்தையும் கணக்கில் எடுங்கள். புதுச்சேரி தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா போன்ற உயர்ந்த வளைவுக் கூரையுள்ள ஆலயத்தில் ஒலி உடனே அடங்காது. வேகமான சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மெய்களை இன்னும் கூர்மையாக்கி, வரிகளுக்கு இடையே சற்று அதிகம் விட வேண்டும். தாழ்ந்த கூரையுள்ள ஜெபவீட்டில் நேர்மாறு. ஒலி உடனே செத்துவிடுவதால் உயிர்களை முழு அளவுக்கு நீட்ட வேண்டும்.

8. திரும்பப் பாடும் பகுதியும் ஸ்கேல் ஏற்றமும்

கடைசிப் பகுதியை வேம்ப் என்பார்கள். குறுகிய ஒரு வரி சுழன்றுகொண்டே இருக்கும். நடத்துபவர் கை காட்டும்போது குரல்கள் அடுத்த படிக்கு ஏறும். எத்தனைமுறை என்பது அங்கேயே தீர்மானமாகும் என்பதால் கண் தாளில் இருக்கக் கூடாது. 'இன்னொருமுறை', 'மேலே ஏறு', 'நிறுத்து' ஆகிய மூன்றுக்கும் மூன்று தெளிவான சைகைகளை முதல் நாளே பேசி வையுங்கள்.

ஏறுவதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. கார்டு அதேதான், ஆட்கள்தான் ஒரு படி நகர்கிறார்கள். டெனர் டோ, ஆல்ட்டோ மீ, சோப்ரானோ சோ என்று நின்றால், ஏறும்போது டெனர் ஆல்ட்டோவின் மீயை எடுக்கும், ஆல்ட்டோ சோப்ரானோவின் சோவை எடுக்கும், சோப்ரானோ மட்டும் புதிதாக மேல் டோவுக்குப் போகும். அதாவது உங்கள் அடுத்த சுரத்தை உங்களுக்கு மேலே இருப்பவர் இப்போதே பாடிக்கொண்டிருக்கிறார். 6-ஆம் படியில் பக்கத்து வரியைக் கேட்டுப் பழகியவர் இங்கே யோசிக்காமல் ஏறிவிடுவார்; காதை அடைத்துப் பழகியவர் தேடுவார்.

ஸ்கேல் அரைக்கட்டை ஏறும்போது டோ பாடிக்கொண்டிருப்பவருக்கே சாவி. 1 கட்டையிலிருந்து 1½-க்குப் போகும்போது கீபோர்டு நடுவில் ஒரு கார்டு வாசிக்கும். அந்த நேரத்தில் பழைய டோ புதிய ஸ்கேலின் டீ ஆகிவிடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு அரைக்கட்டை ஏறினால் புதிய டோ. 5-ஆம் படியில் காட்டிய வரியின் முடிவில் அந்தச் சுரம் ஆல்ட்டோவிடம் இருக்கிறது. ஆகவே ஆல்ட்டோ உறுதியாக இருந்தால் மற்ற இருவரும் அதிலிருந்து தங்கள் இடத்தை எண்ணிப் பிடிக்கலாம். இந்த மாற்றத்தை மட்டும் தனியே பழகுங்கள்: கடைசிச் சுரம், நடு கார்டு, புதிய முதல் சுரம். முழுப் பாடலையும் ஓட்டி அங்கே வந்து சேரும்போது எல்லாரும் களைத்திருப்பார்கள்; களைத்த காது அரைக்கட்டையைத் தவறவிடும்.

9. கீபோர்டு இல்லாமலும் பாடிப் பாருங்கள்

நம் கடற்கரையில் கிறிஸ்துமஸ் பயிற்சிக் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றாகத்தான் வரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் நவம்பரில் மின்சாரம் போவது வழக்கம்தான். அதைப் பயிற்சி ரத்தாகும் நாளாக எண்ணாதீர்கள்.

கைபேசிச் செயலியில் டோவை மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டு வரியைப் பாடுங்கள். முடிந்ததும் மறுபடி டோவை ஒலிக்கவிட்டு எவ்வளவு இறங்கியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். இறங்கும், கிட்டத்தட்ட எல்லாக் கொயரும் இறங்கும். எங்கே இறங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே வேலை. ஒரே சுரம் திரும்ப வரும் இடங்களையும், படிப்படியாகக் கீழே வரும் வரிகளின் கடைசிச் சுரத்தையும் முதலில் சந்தேகியுங்கள். கீழே இறங்கும்போது அடி சிறியதாக, மேலே ஏறும்போது அடி பெரியதாக இருக்கட்டும்.

தகரக் கூரையில் மழை அடிக்கும்போது மட்டும் விட்டுவிடுங்கள். அதை மீறிக் கத்தினால் தொண்டைதான் மிச்சம். தாளத்தோடு வரிகளைப் பேசிப் பாருங்கள்.

10. ஆராதனை நாளில்

இரண்டு மைக்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் சோப்ரானோவுக்கு முன் வைக்காதீர்கள். ஒன்று சோப்ரானோவுக்கும் ஆல்ட்டோவுக்கும் நடுவில், மற்றது டெனருக்கு. பாடுபவர்களை நோக்கி வைத்த மானிட்டர் ஸ்பீக்கரில் கொயரின் குரலைவிடக் கீபோர்டு அதிகம் கேட்க வேண்டும். தன் குரல் தனக்குத் திரும்பக் கேட்டால் யாரும் பக்கத்தவரைக் கேட்பதில்லை.

கேரல் பவனி முடித்து நள்ளிரவில் வீடு திரும்பியவர்கள் மறுநாள் காலை ஆராதனையில் உச்சச் சுரத்தைத் தொடமாட்டார்கள். பவனியில் மூன்று பார்ட்டும் வேண்டாம், மெட்டு மட்டும் போதும். அல்லது ஆராதனையில் பாட வேண்டியவர்களைப் பவனியின் கடைசித் தெருக்களுக்கு அழைக்காதீர்கள்.

பாடலின் நடுவே இழுபட்டுவிட்டால் தேடிக்கொண்டே பாடாதீர்கள். நிறுத்துங்கள். வாய் அசையட்டும், ஒலி வேண்டாம். பின்னால் நிற்பவரைக் கேளுங்கள். உங்கள் தாளில் ஒவ்வொரு வரியின் முதல் சுரத்தையும் வட்டமிட்டு வைத்திருப்பீர்கள். அடுத்த வட்டத்தில் நுழையுங்கள். ஒரு குரல் நான்கு அடி மௌனமாக இருந்தது சபைக்குத் தெரியாது, ஒரு குரல் சுரம் தேடி அலைந்தது கடைசி பெஞ்சு வரை தெரியும். இதற்காகவே கடைசிப் பயிற்சியில் ஒருமுறை, நடத்துபவர் சுட்டிக்காட்டியவர் வரியின் நடுவில் நிறுத்திவிட்டு அடுத்த வட்டத்தில் சேர்ந்துகொள்ள வேண்டும் என்று வைத்துப் பழகுங்கள்.